மறக்கத் தெரியாத தோழி

எங்கள் துறையில் முதுகலை பயிலும் மாணவியர் மூவர் விடுதியில் ஒரே அறையில் தங்கியிருந்தனர். மூவரும் காசு சேர்த்து ஓர் உரையாடிக்கு (சாட்பாட் என்றால்தான் பலருக்கும் விளங்கும்) மாதச் சந்தா கட்டி ஒரே கணக்கைப் பகிர்ந்துகொண்டனர். சென்ற பருவத்தில் அவர்களுள் ஒருத்தி கருத்தரங்கக் கட்டுரைக்குத் தலைப்புக் கேட்டிருக்கிறாள். இயந்திரம் ஐந்து தலைப்புகளைத் தந்துவிட்டு, மனச்சோர்வுக்கு மருந்து உட்கொள்ளும் நிலையில் இரவில் நெடுநேரம் கண்விழிக்க வேண்டா என்று கனிவோடு அறிவுரையும் கூறிற்று. மருந்து உண்பவள் இவளல்லள். அறைத்தோழியருள் வேறொருத்தி. அவள் அந்த உரையாடலை அன்றே அழித்துவிட்டவள். இப்போது அறை மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

ஆசிரியர் ஓய்வறையில் இதனை நான் சொன்னபோது நண்பர் ஒருவர், ‘கணக்கைப் பகிர்ந்தது அவர்கள் பிழை, இயந்திரம் என்ன செய்யும்?’ என்றார். பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் அழித்த உரையாடல் எப்படிப் பேசிற்று என்பதற்கு அவரிடம் விடையில்லை. இக்கட்டுரை அவருக்கான விடை எனக் கொள்க.

சாட்ஜிபிடிக்கு நினைவாற்றல் தரும் சோதனை 2024 பிப்ரவரியில் தொடங்கிற்று. 2025 ஏப்ரலில் அது பழைய உரையாடல்கள் அனைத்தையும் திரும்பிப் பார்க்கும் வசதியாக விரிந்தது. பிற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. ‘நினைவு’ என்ற சொல்லே இங்கு ஒரு மயக்கம். இயந்திரத்தின் மூளை எதையும் நினைப்பதில்லை. நாம் பேசியவற்றிலிருந்து குறிப்பெடுத்து நிறுவனம் தன் வழங்கியில் ஓர் ஏடு வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை நாம் வாய்திறக்கும்போது, நம் கேள்வியோடு அந்த ஏட்டையும் இயந்திரத்தின் முன் வைக்கிறது. நட்பின் நினைவன்று இது, காவல்நிலையத்துக் கோப்பு. உரையாடல் ஓரிடத்திலும் அதிலிருந்து எடுத்த குறிப்பு வேறோரிடத்திலும் இருப்பதால், முன்னதை அழித்தாலும் பின்னது எஞ்சி நிற்கும். இரண்டையும் தனித்தனியே அழிக்க வேண்டும் என்று நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. அதை அந்தப் பெண் எங்கே படித்தாள்? (என் ஏட்டையும் திறந்து பார்த்தேன். ‘கல்லூரி நிர்வாகத்தின் மீது அதிருப்தி கொண்டவர்’ என்றொரு வரி இருந்தது. பொய்யன்று. எனினும் அதை எழுதிவைக்கச் சொன்னவர் யார்?)

மனிதர் இயந்திரத்திடம் மனம் திறப்பது புதிதன்று. எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் 1966இல் எலைசா என்ற உரையாடும் நிரலை வெளியிட்டார். உளமருத்துவரைப் போல, நாம் சொன்னதையே கேள்வியாக்கித் திருப்பித் தரும் எளிய நிரல். அது வெறும் நிரல் என்று நன்கறிந்த அவருடைய செயலரே, சிறிது நேரம் அதனோடு பேசியபின் வைசன்பாமை அறையை விட்டு வெளியேறச் சொன்னாராம். இக்கதை பலருக்கும் தெரியும். அதே ‘கம்ப்யூட்டர் பவர் அண்ட் ஹியூமன் ரீசன்’ (1976) நூலில் அவர் சொல்லும் இன்னொன்றை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. எலைசாவோடு நடந்த உரையாடல்களையெல்லாம் சேமித்துப் பின்னர் ஆராயலாம் என்று அவர் சொன்னவுடன், அது மனிதரின் அந்தரங்கத்தை உளவு பார்ப்பதாகும் என்று அங்கிருந்தோர் கொதித்தெழுந்தனர். அன்று அவர்களுக்கு உளவாகப் பட்டது இன்று நமக்கு ‘வசதி’யாகி, மாதச் சந்தாவும் கட்டச் செய்கிறது.

இவ்வுரையாடிகளைத் தோழன், தோழி என்றே விளம்பரங்கள் அழைக்கின்றன. தமிழ் படித்தவன் என்ற முறையில் இங்குதான் எனக்குச் சினம் மூள்கிறது. அகத்திணையில் தோழியும் எல்லாவற்றையும் அறிந்தவள்தான். தலைவியின் களவொழுக்கம் முழுதும் அவள் நெஞ்சில் இருக்கிறது. ஆயினும் அவள் வாய்திறப்பதற்கு ஒரு முறைமை உண்டு. அதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். தலைவிக்கு வேறிடத்து மணம் பேசப்படுதல் போன்ற நெருக்கடி வந்தபின், தலைவியின் நலம் ஒன்றே கருதித் தோழி செவிலிக்கு உரைப்பாள். செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தன்னையர்க்கும். ஒவ்வொருவரும் யாருக்கு, எப்போது, எதற்காகச் சொல்லலாம் என்பதற்கு வரையறை இருந்தது. அகப்பாடலில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டலாகாது என்ற விதியையும் சேர்த்துப் பாருங்கள். ஊரில் அம்பலும் அலரும் எப்படிப் பரவும் என்பதை அறிந்து விதி செய்தவர்கள் அவர்கள்.

நம் புதிய தோழியின் முறைமை என்ன? உரையாடலுக்கு மருத்துவரிடமோ வழக்கறிஞரிடமோ சொல்வதற்குரிய சட்டப் பாதுகாப்பு இல்லை என்று ஓப்பன்ஏஐயின் தலைவர் சாம் ஆல்ட்மனே 2025 ஜூலையில் ஒரு நேர்காணலில் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளும்போதே நிலைமை கைமீறியிருந்தது. நியூயார்க் டைம்ஸ் 2023 டிசம்பரில் தொடுத்த பதிப்புரிமை வழக்கில், பயனர் அழித்த உரையாடல்களையும் பாதுகாத்து வைக்குமாறு நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 2025 மே மாதத்தில் ஆணையிட்டது. அந்தச் செப்டம்பர் வரை அந்நிலை நீடித்தது. வழக்கிற்கும் பயனருக்கும் தொடர்பே இல்லை. அவர் அழித்தார், அழிந்தது என்று நம்பினார், அவ்வளவே. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: பெருநிறுவனங்களுக்கான கணக்குகளை அவ்வாணை தொடவில்லை. இலவசக் கணக்கும் சில்லறைச் சந்தாவும் வைத்திருந்தோர்தாம் அகப்பட்டனர். பணம் படைத்தவர் மறக்கப்படுவார், நாம் நினைக்கப்படுவோம்.

அதே வழக்கில் அடையாளம் நீக்கப்பட்ட 2 கோடி உரையாடல்களை எதிர்த்தரப்பிடம் ஒப்படைக்குமாறு 2025 நவம்பரில் ஆணை பிறந்தது. பெயரை நீக்கிவிட்டால் ஆள் மறைந்துவிடுவாரா? 2006 ஆகஸ்டில் ஏஓஎல் நிறுவனம் ஆறரை லட்சம் பயனரின் ஏறத்தாழ 2 கோடித் தேடல்களை, பெயர்களுக்குப் பதில் எண்ணிட்டு வெளியிட்டது. சில நாள்களில் ஓர் எண்ணுக்குரிய மூதாட்டியைச் செய்தியாளர்கள் கண்டுபிடித்துவிட்டனர். அவர் தேடிய ஊர்ப்பெயரும் உறவினர் குடும்பப்பெயருமே காட்டிக்கொடுத்தன. கண்டுபிடித்த நாளேடு எது தெரியுமா? நியூயார்க் டைம்ஸ்தான்! தேடல் என்பது மூன்று நான்கு சொற்கள். உரையாடியிடம் நாம் கொட்டுவதோ பக்கம் பக்கமாக: கணவன், கடன், மாதவிலக்கு, மேலதிகாரி.

இன்னொரு கதவும் திறந்தாகிவிட்டது. பயனர் தன் செயற்கை நுண்ணறிவோடு பேசுவதைக் கொண்டு அவருக்குரிய விளம்பரங்களைத் தேர்வதை 2025 டிசம்பரில் பல நாடுகளில் மெட்டா தொடங்கிற்று. மனச்சோர்வைச் சொன்ன பெண்ணுக்கு எந்த விளம்பரம் வரும் என்பதை ஊகிக்க முதுகலைப் பட்டம் வேண்டா.

‘வேண்டாவிட்டால் அமைப்புகளில் போய் அணைத்துக்கொள்ளலாமே’ என்பது நண்பரின் அடுத்த வாதம். கதவைத் திறந்து வைத்துவிட்டு, பூட்டு எங்கிருக்கிறது என்பதைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பைக் குடியிருப்பவர்மீது சுமத்துவது எந்த ஊர் நியாயம்? நினைவின் பயன் எனக்கும் தெரியும். வினாத்தாள் வடிவத்தை ஒவ்வொரு முறையும் விளக்காமல் இருப்பது சுகமே. அதற்காக வடிவத்தை நினைவில் கொள் என்று நானே சொல்லிக்கொள்வேன். சொல்லாததையும் எழுதிவைத்துக்கொள்வதைத்தான் எதிர்க்கிறேன்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதன்பின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வர 2023 ஆயிற்று. விதிகள் வர 2025 நவம்பர் ஆயிற்று. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முதன்மையான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து பதினெட்டு மாதங்கள் அவகாசம். அதுவரை குறிப்பேடு தடித்துக்கொண்டே இருக்கும்.

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. பயனர் கேட்டாலன்றி நினைவு தொடங்கலாகாது. உரையாடலை அழித்தால் அதிலிருந்து எடுத்த குறிப்பும் உடன் அழிய வேண்டும். உடல்நலம், உறவு, கடன் ஆகியவற்றைக் குறித்துவைக்குமுன் இயந்திரம் நம் மொழியில், நமக்கு விளங்குமாறு இசைவு கேட்க வேண்டும். பொறியியல் அறிந்த அன்பர்கள் இவற்றுள் எது இயலாதது என்று எனக்குச் சொல்லட்டும். அறை மாறிப்போன மாணவி இப்போது வகுப்பில் கடைசி வரிசையில் அமர்கிறாள். முன்பு தன்னோடு இருந்த இருவரோடும் பேசுவதில்லை.