புழு பார்க்கும் நாள்காட்டி

மக்காச்சோளப் படைப்புழு இந்தியாவுக்குள் வந்தது 2018-இல். அந்த ஆண்டே பெரம்பலூர், அரியலூர் மானாவாரி நிலங்களைப் புரட்டிப்போட்டது. அதன் பிறகு விவசாயிக்கு ஓர் அட்டவணை கிடைத்தது: முளைத்த 15 முதல் 20 நாளுக்குள் ஒரு தெளிப்பு, 40 முதல் 45 நாளுக்குள் அடுத்தது. நினைவில் வைக்க எளிது; மருந்துக்கடைக்காரரும் அதையேதான் சொல்வார். ஆனால், புழுவின் வளர்ச்சியைத் தீர்மானிப்பது வெப்பம்.

பூச்சிக்குத் தன் உடலைச் சூடாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு கிடையாது. காற்றும் மண்ணும் எவ்வளவு சூடோ, ஏறக்குறைய அவ்வளவுதான் அதன் உடலும். ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் அடிமட்ட வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும். மேலே கிடைக்கும் டிகிரிகள் நாள்தோறும் சேர்ந்துகொண்டே வரும். சேர்ந்த தொகை குறிப்பிட்ட அளவை எட்டும்போது முட்டை அந்துப்பூச்சியாகியிருக்கும். 1735-லேயே பிரெஞ்சு இயற்கையியலாளர் ரியோமூர் பயிர் முதிர்ச்சிக்கு இப்படிக் கணக்குப் போட்டுவிட்டார். புது விஞ்ஞானம் ஒன்றுமில்லை.

படைப்புழுவுக்கு அந்த அடிமட்டம் ஏறக்குறைய 12.5 டிகிரி செல்சியஸ். முட்டையிலிருந்து அந்துப்பூச்சி வரை தேவைப்படும் தொகை சுமார் 390. நாள் சராசரி 25 டிகிரியாக இருக்கும் மார்கழியில் தினம் 12.5 சேரும், ஒரு தலைமுறைக்கு 31 நாள். சராசரி 30-ஐத் தொடும் சித்திரையில், இறவை மக்காச்சோளத்தில் தினம் 17.5 சேரும், 22 நாளில் முடிந்துவிடும். அட்டவணையோ இரண்டுக்கும் ஒன்றே.

ஒன்பது நாளில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்பவர் ஒரு குருத்தை விரித்துப் பார்க்க வேண்டும். பொரித்த சின்னப் புழுக்கள் முதலில் இலையின் பச்சையை மட்டும் சுரண்டும். வெளிறிய திட்டுகள் தெரியும். மருந்து பலிக்கும் பருவம் அதுதான். பிறகு புழு குருத்துக்குள் இறங்கிவிடும். ஈர எச்சம் மேலே மூடிக்கொள்ளும். தன் தீனியில் பெரும்பகுதியைக் கடைசி இரண்டு பருவங்களில்தான் அது தின்கிறது. வெயில் காலத்தில் சுரண்டும் பருவம் சீக்கிரமே கடந்துபோகும். அட்டவணைத் தேதிக்குக் காத்திருந்து அடிக்கும் மருந்து எச்சத்தின் மேல்தான் விழும்.

அதற்காக, வெயில் கூடக்கூடப் பூச்சியும் பெருகும் என்று எழுதிவிட முடியாது. அப்படி எழுதுவது இப்போது வாடிக்கையாகிவிட்டது. உலக வெப்பம் ஒரு டிகிரி கூடினால் நெல், கோதுமை, மக்காச்சோளத்தில் பூச்சியால் வரும் இழப்பு 10 முதல் 25 சதவீதம் உயரும் என்று 2018-இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு சொன்னது. எல்லோரும் எடுத்துக்காட்டுவது இந்த எண்ணைத்தான். பாதிப்பு கடுமையாவது மிதவெப்ப நாடுகளில் என்று அதே ஆய்வு சொன்னதை விட்டுவிடுகிறார்கள். நம் சமவெளியோ ஏற்கெனவே பூச்சிக்கு ஒத்துவரும் வெப்பத்தின் மேல் விளிம்பில் இருக்கிறது. 30 டிகிரிக்கு மேலான சூட்டில் வளரும் படைப்புழு அந்துப்பூச்சிக்குச் சிறகு கோணலாவது உண்டு. நெல்லைத் தாக்கும் புகையானின் குஞ்சுகளும், 35-ஐத் தாண்டிய வெயில் நீடித்தால் தாக்குப்பிடிப்பதில்லை. கத்திரி வெயில் பூச்சியையும்தான் வாட்டுகிறது.

என் கவலையெல்லாம் மார்கழி, தை இரவுகளைப் பற்றியது. இரவுக் குளிர் குறைந்தால் நாள் சராசரி ஏறும். பகல் சூட்டில் பூச்சி சாகாமலே தொகை மட்டும் சேரும். அடுத்த கவலை நீலகிரி. முட்டைக்கோஸைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் அடிமட்டம் சுமார் 7 டிகிரி. சராசரி 14 டிகிரி இருக்கும் மலையில் தினம் 7 சேர்கிறது. அங்கே ஒரு டிகிரி கூடினால் அன்றாடத் தொகை ஏழில் ஒரு பங்கு உயர்ந்துவிடும். சமவெளியில் அதே ஒரு டிகிரிக்கு இவ்வளவு வீச்சு இல்லை.

கலிபோர்னிய ஆப்பிள் தோட்டங்களில் காட்லிங் அந்துப்பூச்சிக்கு மருந்து அடிக்க இந்தக் கணக்கைத்தான் நம்புகிறார்கள். பொறியில் பூச்சி தொடர்ந்து விழத் தொடங்கிய நாளிலிருந்து வெப்பத்தைக் கூட்டிக்கொண்டே வருவார்கள். நம்மிடம் என்ன குறை? இனக்கவர்ச்சிப் பொறி கிடைக்கிறது. வட்டார அளவில் தானியங்கி வானிலை நிலையங்களைத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் அமைத்திருக்கிறது. விவசாயியின் கைபேசிக்கு வானிலைக் குறுஞ்செய்தியும் போகிறது. நாளை மழை உண்டா என்பதோடு, பொறியில் பூச்சி விழுந்ததிலிருந்து அந்த வட்டாரத்தில் சேர்ந்த தொகை எவ்வளவு, முட்டை எந்தத் தேதி வாக்கில் பொரியும் என்பதையும் அதில் சேர்க்கலாம். அன்று குருத்தைப் பார்த்துவிட்டு, மருந்து தேவையா என்பதை விவசாயியே முடிவு செய்துகொள்வார்.