ஷெட்டை அளந்துவிட்டுக் காரை வாங்குங்கள்

இந்த ஒரு மாதத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், புதுக் கார் எடுத்திருக்கேன். வீட்டு ஷெட்டுக்குள்ள போக மாட்டேங்குது. திண்ணையை எடுத்துட்டா போயிருமா?" ஒருவர் பாளையங்கோட்டை, ஒருவர் டவுன், ஒருவர் கல்லிடைக்குறிச்சி. மூவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். என்னிடம் கணக்குப் படித்தவர்களுக்கு அது புதிதில்லை.

அரைப் பவுனில் மோதிரம் எடுக்கப் போனால்கூட விரலை அளந்துவிட்டுத்தான் போகிறோம். பத்து லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்குகிற பொருளுக்கு டேப்பை எடுத்துப் பார்த்தவர் அந்த மூவரில் ஒருவர்கூட இல்லை. மைலேஜ் கேட்டிருக்கிறார்கள், கலர் கேட்டிருக்கிறார்கள், மேலே கண்ணாடிக் கூரை திறக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். அகலம் எவ்வளவு என்று கேட்கவில்லை. வண்டி வாசலுக்கு வந்து, தூணில் கண்ணாடி உரசிய பிறகுதான் தூண் தப்பான இடத்தில் நிற்பதாகத் தெரிகிறது.

அகலத்தைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். மாருதி 800-க்கு 1.44 மீட்டர். ஆல்ட்டோ 800-க்கு 1.49. வேகன் ஆர் 1.62. இப்போதைய ஸ்விஃப்ட் 1.735. க்ரெட்டா 1.79. நெக்ஸான் 1.80. ஸ்கார்பியோ என் 1.917. இதெல்லாம் பக்கக் கண்ணாடியைச் சேர்க்காத கணக்கு. அம்பாசிடரைப் பெரிய கார் என்று சொல்லியே வளர்ந்தோம். அதன் நீளம் 4.3 மீட்டர், அகலம் 1.7 மீட்டருக்குள்தான். "சின்ன எஸ்யூவி" என்று விற்கிற நெக்ஸான் அதைவிட ஒரு அடி குட்டை, ஐந்து அங்குலம் அகலம் கூடுதல்.

இதற்கு ஒரு காரணம் டெல்லியில் இருக்கிறது. 2006 பட்ஜெட்டில் சின்னக் கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். சின்னக் கார் எது? நீளம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது, எஞ்சின் இத்தனை சி.சி.க்குள் இருக்க வேண்டும். அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கம்பெனிக்காரர்கள் கெட்டிக்காரர்கள். நீளத்தை 3.99-இல் நிறுத்திவிட்டு அகலத்திலும் உயரத்திலும் வளர்ந்துகொண்டே போனார்கள். நம் ஷெட்டில் இடிப்பது நீளம் இல்லை, அகலம்தான்.

இனி ஷெட்டுக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு கட்டட விதிகளின்படி ஒரு கார் நிறுத்த 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் வேண்டும். அதாவது 8 அடி 2 அங்குலம் அகலம். இரண்டு பக்கமும் சுவர் இருந்தால் அது எப்படி இருக்கும் என்று போட்டுப் பாருங்கள். க்ரெட்டா போக மிச்சம் 71 சென்டிமீட்டர். இடப்பக்கம் சுவரை ஒட்டி 15 விட்டால் ஓட்டுகிறவர் இறங்க 56. ஒல்லியான ஆள் பக்கவாட்டில் நழுவி வெளியே வரலாம். ஆல்ட்டோவாக இருந்தால் அதே கணக்கில் 86. என் வயதுக்காரரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவார். ஸ்கார்பியோ என்னுக்கு 43. அதில் இறங்குவதற்கு நான் யாருக்கும் வழி சொல்ல முடியாது.

இதுவும் விதிப்படி கட்டியிருந்தால்தான். வரைபடத்தில் 2.5 மீட்டர் கட்டம் அழகாக இருக்கும். கட்டி முடித்துப் பார்த்தால் அதற்குள் ஒரு தூண், மாடிப்படியின் அடிப்பக்கம், கரண்ட் மீட்டர் பெட்டி, மோட்டார் சுவிட்ச் எல்லாம் துருத்திக்கொண்டு நிற்கும். பிறகு வீட்டுக்காரர்கள் தங்கள் பங்கைச் சேர்ப்பார்கள். பழைய பீரோ, வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர், பிள்ளை ஓட்டி விட்ட சைக்கிள், கொலு பொம்மைப் பெட்டி. சாமானுக்கு ஷெட், காருக்குத் தெரு. பாளையங்கோட்டைக்காரரிடம் முதலில் இதைத்தான் கேட்டேன். அரை மணி நேரம் கழித்து, "சார், எல்லாத்தையும் எடுத்தா ஒன்றேகால் அடி கிடைக்குது" என்று போன் வந்தது. அவருக்குக் கொத்தனார் தேவைப்படவில்லை, பழைய இரும்புக் கடைக்காரர்தான் தேவைப்பட்டார்.

"அந்தக் காலத்து ஆட்களுக்கு முன்யோசனை இல்லை, தெருவையும் வாசலையும் இப்படிக் குறுக்கிக் கட்டிவிட்டார்கள்" என்பதுதான் எனக்குக் கோபம் வருகிற பேச்சு. நெல்லையப்பர் தேர் எவ்வளவு பெரியது என்று இந்த ஊரில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனித் திருவிழாவில் அது நான்கு ரத வீதியையும் சுற்றி நிலைக்கு வந்து சேருகிறது. தேரைச் செய்தவர்களும் தெருவை விட்டவர்களும் ஒருவருக்கொருவர் அளவு கேட்டுக்கொண்டார்கள். அந்தத் தெருவில் இன்றைக்கு இரண்டு பக்கமும் கார் நிற்கிறது, தேரோட்டத்துக்கு மட்டும் அப்புறப்படுத்துகிறார்கள். யோசனை இல்லாதது யாருக்கு? வில்வண்டி வைத்திருந்த வீடுகளிலும் வண்டிக்கும் மாட்டுக்கும் தொழு பின்பக்கம்தான். வாசல் மனுஷருக்கு.

கல்லிடைக்குறிச்சிக்காரருக்குத் தனியாக ஒன்று. உங்கள் வீடு வரிசை வீடு. இரண்டு பக்கச் சுவரும் பக்கத்து வீட்டோடு ஒட்டியது. திண்ணைத் தூண் அலங்காரத்துக்கு நிற்கவில்லை. முன்கூரையின் உத்திரம் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு ரோலிங் ஷட்டர் போட்டால் கூரை தொய்வது உங்கள் வீட்டோடு நிற்காது. அப்படியே உத்திரத்துக்கு இரும்பு முட்டுக் கொடுத்து எடுத்தாலும், மிஞ்சுவது திண்ணையின் ஆழம்தானே? அதில் காரின் மூக்கு நுழையும், மீதி தெருவில் நிற்கும். உங்கள் அம்மா சாயங்காலம் உட்காருகிற இடம் போனதுதான் மிச்சம். அவர்களைக் கேட்டீர்களா என்று கேட்டதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

அடுத்தது ரேம்ப். ஷெட்டைத் தெரு மட்டத்துக்கு மேலே கட்டிவிட்டு, ஏறுவதற்குச் சாக்கடைமேல் சிமெண்டைக் கொட்டுவது. எங்கள் தெருவில் எண்ணினேன், பதினேழு ரேம்ப். ஒன்றுக்கொன்று உயரம் வேறு. பலவற்றில் அடியில் குழாய்கூட இல்லை. 2023 டிசம்பர் 17, 18 மழையைச் சொல்லவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி ஜங்ஷனுக்குள் வந்தது. அதற்கு ரேம்ப்மேல் பழி போடுவது நியாயம் இல்லை. ஆனால் ஐப்பசியில் அரை மணி நேர மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கிறதே, அது நாம் கொட்டிய சிமெண்ட். ரேம்ப் வேண்டுமென்றால் உங்கள் காம்பவுண்டுக்குள் சாய்வு கொடுங்கள், சாக்கடைமேல் எடுத்து மாட்டுகிற இரும்புக் கிராதி போடுங்கள்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சிக்கு இரவு பதினொரு மணிக்கு நெஞ்சுவலி. 108 தெருமுனை வரைக்கும் வந்தது. உள்ளே வர முடியவில்லை. இடையில் நான்கு கார், நான்கும் ஷெட் உள்ள வீட்டுக் கார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து பையன்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துவிட்டார். மறுநாள் காலையில் அந்த நான்கு காரும் அதே இடத்தில் நின்றன. நான் போய்ப் பேசினேன். "சார், உள்ள விட்டா கதவு திறக்க முடியல" என்றார்கள். கதவு திறக்க முடியாதது உங்கள் கஷ்டம். அதை ஏன் அந்த அண்ணாச்சி சுமக்க வேண்டும்?

ஜப்பானில் 1962-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். கார் நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸ் நிலையத்தில் சான்று வாங்கினால்தான் வண்டியைப் பதிய முடியும். அதோடு, 1.48 மீட்டர் அகலத்துக்கும் 3.4 மீட்டர் நீளத்துக்கும் உட்பட்ட சிறு வண்டி என்று ஒரு வகையையே வைத்திருக்கிறார்கள். பணம் இல்லாமலா? அங்கே வரம்பு அகலத்துக்கும் உண்டு, அவ்வளவுதான்.

சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். நம் குடும்பங்களில் பல காரின் அளவை ஷெட்டும் தீர்மானிப்பதில்லை, தேவையும் தீர்மானிப்பதில்லை. கல்யாணப் பேச்சு தீர்மானிக்கிறது. "பெரிய வண்டியாப் பாத்துக் குடுத்திருங்க" என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்கிறார்கள். பெண்ணின் தகப்பனார் வயலை விற்று வாங்கிக் கொடுக்கிறார். அந்த வண்டி மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் வெயிலில் நின்று பெயிண்ட் வெளுக்கிறது. கேட்பதே சட்டப்படி குற்றம், 1961-இலிருந்து. அதைத் தாண்டியும் கேட்கிறவர்களிடம் பெண் வீட்டார் ஒன்று கேளுங்கள்: "உங்க ஷெட் எத்தனை அடி?" பதில் வராது.

சரி, வாங்கியாகிவிட்டது, என்ன செய்ய என்பவர்களுக்கு. முதலில் ஷெட் தரையில் சாக்பீஸால் காரின் நீள அகலத்தை வரையுங்கள். கதவு திறக்கிற இடத்தையும் வரையுங்கள். வீட்டில் வயதான ஒருவரை அந்த இடத்தில் நடக்கச் சொல்லுங்கள். அவர்கள் இடிக்காமல் வந்தால் போதும். இரண்டாவது, பின்னால் எடுத்து உள்ளே விடுங்கள். முன்னால் போனால் பின்சக்கரம் வளைவின் உள்பக்கமாக ஒடுங்கி வரும், கதவு தூணில் உரசுவது அதனால்தான். ரிவர்ஸில் போகும்போது திரும்புகிற சக்கரம் வெளியே, தெருப்பக்கம் இருக்கிறது. பின்பக்கம் நேராக நுழைந்ததும் மூக்கைத் திருத்திக்கொள்ளலாம். மற்றவர்களைத் தெருவிலேயே இறக்கிவிட்டு, ஓட்டுகிறவர் மட்டும் உள்ளே போகட்டும். இடப்பக்கச் சுவரில் பழைய டயரைப் பிளந்து அடியுங்கள். கூரையிலிருந்து ஒரு பந்தைக் கயிற்றில் தொங்கவிட்டால் கண்ணாடியில் தொட்டதும் நிறுத்தலாம். கேட் உள்பக்கம் திறந்தால் இடத்தைத் தின்னும், பக்கவாட்டில் தள்ளுகிற கேட்டாக மாற்றுங்கள். தெரு பன்னிரண்டு அடிதான் என்றால் வாசலை அகலப்படுத்த வேண்டும், ஷெட்டை இல்லை. ஸ்விஃப்டுக்கே திரும்ப 4.8 மீட்டர் ஆரம் வேண்டும்.

இத்தனையும் செய்தும் போகவில்லை என்றால், வண்டியை விற்றுவிட்டுச் சின்ன வண்டி எடுங்கள். வருத்தமாக இருக்கும், தெரிகிறது. டவுன்காரர் இதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அவர் மனைவி கூப்பிட்டு வேகன் ஆரின் அகலத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

மற்றவர்கள் அளவை இங்கே கீழே போடுங்கள். வாசல் அகலம், உள் அகலம் (தூணுக்குத் தூண், சுவருக்குச் சுவர் இல்லை), உள் நீளம், காரின் பெயர். கணக்குப் போட்டுச் சொல்கிறேன். தெரு அகலத்தையும் எழுதுங்கள், சாக்கடையை விட்டுவிட்டு.