குல்மார்க்கில் பனிக்குப் பஞ்சம்

திருப்பதி:

வாரம் ஒருமுறை கன்னியாகுமரியில் புறப்படும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ், காட்பாடியைத் தாண்டி சித்தூர், திருப்பதி வழியாக வடக்கே செல்கிறது. 'ஹிம்' என்றால் பனி. 'சாகர்' என்றால் கடல். 3,700 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, ஜம்மு அருகே வைஷ்ணோதேவி அடிவாரமான காட்ராவில் போய் நிற்கும் இந்த வண்டியில், சித்தூரில் ஏறுகிறவர்கள் எல்லோரும் பனியைப் பார்க்கப் போகிறவர்கள் அல்லர். நெல்லூரிலும் விஜயவாடாவிலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறவர்களும் உண்டு. திருப்பதியிலிருந்தே ஜம்மு தாவிக்குப் புறப்படும் வாராந்திர ஹம்சஃபர் வண்டி வேறு இருக்கிறது. ஆனாலும் பனி என்பது நம்மவர்களுக்கு இதுவரை வண்டியின் பெயரில் பாதியாகவே இருந்து வந்திருக்கிறது.

இந்நிலை 2025 ஜூன் 6 அன்று ஓரளவு மாறியது. செனாப் நதிக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் கட்டிய பாலத்தைப் பிரதமர் திறந்துவைத்தார். காட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பெல்லாம் குளிர்காலத்தில் காஷ்மீர் போக வேண்டுமென்றால், விமானத்துக்குக் காசு இருக்க வேண்டும். இல்லையேல் ராம்பன், பனிஹால் மலைப்பாதையில் மண்சரிந்து லாரிகளோடு லாரியாக இரவெல்லாம் நிற்கத் தயாராக இருக்க வேண்டும். இன்று ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கி, காட்ராவில் வண்டி மாறி, ஸ்ரீநகரில் இறங்கலாம். அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் குல்மார்க்.

பாதை வந்துவிட்டது. பனி வருமா என்பதுதான் இப்போதைய கேள்வி.

தள்ளிப்போன பந்தயம்

இந்தியாவில் பனிச்சறுக்கு விளையாட்டின் தலைநகர் குல்மார்க் எனலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,650 மீட்டர் உயரத்தில் உள்ள புல்வெளி அது. ஊட்டியின் தொட்டபெட்டா சிகரமும் கிட்டத்தட்ட அதே உயரந்தான். தொட்டபெட்டாவில் டிசம்பரில் புல் நுனியில் உறைபனி வெள்ளையாகப் படியும். வெயில் ஏறினால் போய்விடும். குல்மார்க்கிலோ ஆள் உயரத்துக்குப் பனி குவிவது வழக்கம். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து மேற்குக் காற்றோடு வரும் ஈரம் இமயத்தில் மோதிக் கொட்டுவதால் ஏற்படும் பனி அது. நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை தவறினால் ஏரி வறள்வதுபோல, அந்த மேற்குக் காற்று தவறினால் குல்மார்க் வறண்டுவிடும்.

அப்படித்தான் 2024 ஜனவரியில் நடந்தது. காஷ்மீரிகள் 'சில்லை கலான்' என்று சொல்லும் கடுங்குளிர்க் காலம் டிசம்பர் 21-ல் தொடங்கி 40 நாட்கள். விழ வேண்டிய பனியெல்லாம் அந்த நாற்பது நாட்களில்தான் விழ வேண்டும். அந்த ஆண்டு ஜனவரியின் பெரும்பகுதி குல்மார்க் மேடு காய்ந்த புல்லாகவே கிடந்தது. ஆல்ப்ஸ் மலைக்குப் போகாமல் இங்கே வர நினைத்த வெளிநாட்டினர் பலர் பயணத்தை ரத்துசெய்தார்கள். மாதக் கடைசியில்தான் பனி வந்தது. பிப்ரவரியில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளை எப்படியோ நடத்திவிட்டார்கள்.

2025-ல் அதுவும் முடியவில்லை. பிப்ரவரி 22-ல் தொடங்க வேண்டிய பந்தயங்கள், பனி போதாமல் தள்ளிவைக்கப்பட்டு, மார்ச் 9 முதல் 12 வரை நடந்தன. திருமணத் தேதியை மழைக்காகத் தள்ளிவைப்பது நமக்குத் தெரியும். மழை இல்லை என்பதற்காகத் தள்ளிவைத்த கதை இது. உத்தரகண்டில் ஜோஷிமட்டுக்கு மேலே உள்ள ஆலியின் நிலைமை இன்னும் மோசம். 2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளை நடத்திய இடம் அது. 2023-ல் தேசியப் போட்டியையே பனியின்றிக் கைவிட நேர்ந்தது. அதே 2023 ஜனவரியில்தான் ஜோஷிமட் நகரில் வீடுகள் வெடித்து, நிலம் அமிழ்ந்து, ஆலிக்குச் செல்லும் ரோப்கார் நிறுத்தப்பட்டது.

செயற்கைப் பனி எந்திரம் இல்லையா என்று கேட்கலாம். 2022-ல் சீனா பெய்ஜிங் ஒலிம்பிக்கை ஏறக்குறைய முழுவதும் எந்திரப் பனியிலேயே நடத்தியது. ஆனால் அந்த எந்திரமும் தண்ணீரைப் பொடிப்பொடியாகக் காற்றில் தூவுவதுதான். காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தால் அது பனியாகும், இல்லையேல் வெறும் சேறாகும். குளிரையே காணோம் என்னும்போது எந்திரம் என்ன செய்யும்?

இரண்டு பலகை, ஒரு பலகை

இந்த விளையாட்டைப் பற்றி நம் பத்திரிகைகளில் அதிகம் எழுதப்படுவதில்லை. சினிமாப் பாட்டில் கதாநாயகன் வழுக்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததோடு பலருக்குச் சரி. விஷயம் சற்று நுட்பமானது.

பனியில் சாதாரணச் செருப்போடு நடந்தால் கால் முழங்கால்வரை புதையும். நீண்ட பலகையைக் காலில் கட்டிக்கொண்டால் எடை பரவி, ஆள் மேலே நிற்பான். பலகையின் அடிப்பக்கத்துக்கு மெழுகு தேய்ப்பார்கள். ஓரங்களில் எஃகு விளிம்பு உண்டு. உடலைச் சாய்த்தால் அந்த விளிம்பு பனியைக் கடித்துக்கொண்டு திருப்பம் எடுக்கும். இதில் உயிர்நாடியான பொருள் பலகையல்ல, பூட்டு. கெட்டி பிளாஸ்டிக் பூட்ஸைப் பலகையோடு இணைக்கும் பூட்டு, ஆள் விழுந்து கால் முறுக்கும்போது தானாகவே திறந்துகொள்ள வேண்டும். ஆளின் எடை, உயரம், பழக்கம் ஆகியவற்றுக்கு ஏற்ப அதன் இறுக்கத்தை வைக்கிறார்கள். வைக்கத் தெரியாதவனிடம் வாடகைக்கு எடுத்தால் பலகை கழலாது, எலும்புதான் முறியும்.

ஸ்னோபோர்டு வேறு வகை. இரண்டு காலும் ஒரே பலகையில், பக்கவாட்டில் நின்று போவது. 1965-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் பெண்குழந்தைகள் விளையாட இரண்டு பலகைகளைச் சேர்த்துக் கட்டிக்கொடுத்ததிலிருந்து வளர்ந்தது அது. 1998-ல் ஜப்பானின் நாகானோ ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. இதில் பூட்டு விழும்போது திறக்காது. ஆகவே முழங்கால் தப்பினாலும், கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு மணிக்கட்டு போகும்.

பலகைகளில் பெரும்பாலானவை ரோசினோல், சலோமோன், அட்டாமிக், ஃபிஷர் என்று பிரான்ஸ், ஆஸ்திரியா நாட்டுப் பெயர்கள் தாங்கியவை. குமாஸ்தா சம்பளத்தில் வாங்கும் சரக்கல்ல. வாங்கவும் வேண்டியதில்லை, குல்மார்க்கில் பலகை, பூட்ஸ், கோல் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். கொண்டுபோக வேண்டியது உடுப்புதான். நம்மவர்கள் செய்யும் தவறு, பருத்தி பனியன்மேல் பருத்திச் சட்டையாக நாலு போட்டுக்கொள்வது. பருத்தி வியர்வையைக் குடித்து உடம்போடு ஒட்டி, நின்றவுடன் விறைக்க வைக்கும். உள்ளே கம்பளி, வெளியே தண்ணீர் புகாத மேலுடுப்பு, வெள்ளைப் பனியின் கூச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடி. இவை போதும்.

கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர்களுக்கு, மத்திய சுற்றுலா அமைச்சகத்தின்கீழ் குல்மார்க்கிலேயே பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிலையம் இருக்கிறது. மலைமேல் செல்ல, பழனி ரோப்கார் போன்று ஆனால் பலமடங்கு பெரிதாக, கொண்டோலா ஊர்தி ஓடுகிறது. முதல் கட்டம் 1998-லும், அபர்வாட் மலைத்தோளில் ஏறக்குறைய 3,950 மீட்டர்வரை செல்லும் இரண்டாம் கட்டம் 2005-லும் வந்தன. மேல் கட்டத்துக்குச் சும்மா வேடிக்கை பார்க்கப் போய் வரலாம். சறுக்க இறங்குவது பழகியவர்களுக்கே. 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வாட்டில் பனிச்சரிவில் சிக்கி போலந்து நாட்டார் இருவரும், 2024 பிப்ரவரி 22 அன்று ரஷ்யர் ஒருவரும் மாண்டார்கள். அவர்களெல்லாம் பழகியவர்களே.

குல்மார்க் பகுதியைச் சேர்ந்த ஆரிஃப் கான், 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கொடி பிடித்துச் சென்று ஜயன்ட் ஸ்லாலம் பிரிவில் 45-ஆம் இடம் பெற்றார். அவருடைய தந்தை அங்கே பலகை வாடகைக்கு விட்டவர். 2018 ஒலிம்பிக்குக்குப் போக முடியாமல் போனது பணம் இல்லாததால்தான். தெற்கத்தியர்களுக்கு இது ஆகாது என்று சொல்வதற்கும் இல்லை: கேலோ இந்தியாவில் பதக்கங்கள் வாங்கிய பவானி, கர்நாடகத்தின் குடகு நாட்டுப் பெண்.

விளையாட்டாக அல்லாமல் பனியை அறிந்த தெற்கத்தியர்களும் உண்டு. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் பனிச்சரிவில் புதைந்த பத்துப் பேரும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆவது பட்டாலியனில் இருந்தவர்கள். நால்வர் தமிழ்நாட்டினர். மற்றவர்களில் ஆந்திரத்தவரும் ஒருவர். வேலூர், சித்தூர் எல்லைக் கிராமங்களில் ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய வீடுகளுக்குப் பனி என்ற சொல் வேறு மாதிரிக் கேட்கும்.

கூட்டம் நின்றால்

பனி வராவிட்டால் யாருக்கு நஷ்டம்? பெரிய ஹோட்டல்காரர் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வார். தங்மார்க்கிலிருந்து பனிச் சாலையில் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டி வண்டி ஓட்டுகிறவர், மரச் சறுக்குவண்டியில் குழந்தைகளை உட்காரவைத்துக் கயிற்றால் இழுக்கிறவர், மட்டக் குதிரைக்காரர், பூட்ஸ் வாடகைக்காரர் ஆகியோரின் ஆண்டு வருமானத்தில் பெரும் பங்கு அந்த மூன்று மாதங்களில் வந்தாக வேண்டும். அது போதாதென்று 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். காஷ்மீரில் 48 சுற்றுலா இடங்கள் மூடப்பட்டன. செனாப் பாலம் திறந்தது அதற்கு ஆறு வாரங்களுக்குப் பிறகு. ரயில் வந்த நேரத்தில் பயணிகளைக் காணோம்.

இதைத் திருப்பதியில் இருக்கும் தமிழர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ரேணிகுண்டா சாலையிலும் பஸ் நிலையத்தைச் சுற்றியும் ஹோட்டலில் பரிமாறுகிறவர்கள், பூ கட்டுகிறவர்கள், லாட்ஜில் சாவி கொடுக்கிறவர்கள், ஜீப் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் வருகிற கூட்டத்தை நம்பி வாழ்கிறவர்களே. 2020-ல் குல்மார்க்கில் முதல் கேலோ இந்தியா பந்தயங்கள் மார்ச் 11 அன்று முடிந்தன. அதற்கு ஒன்பது நாட்கள் கழித்து, மார்ச் 20 அன்று, திருமலையில் பக்தர்களுக்குத் தரிசனம் நிறுத்தப்பட்டது. மீண்டும் தொடங்கியது ஜூன் மாதத்தில். அந்த இரண்டரை மாதங்களில் ஆர்க்காட்டுக்கும் திருவண்ணாமலைக்கும் நடந்தாவது போய்விடலாமா என்று எண்ணியவர்கள் இன்றும் இங்கே வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

பனியின் பயன் சறுக்குவதோடு முடிவதுமில்லை. மலையில் குவியும் பனிதான் வசந்தத்தில் உருகி ஜீலம் நதிக்கும் நெல் வயலுக்கும் வருகிறது. ஆப்பிள் மரம் சரியாகப் பூக்க இத்தனை நாள் குளிர் வேண்டும் என்று கணக்கு உண்டு. மார்கழி, தை மாதங்களில் மாறிக் காய்ந்தாலும் மாறிக் குளிர்ந்தாலும் பூ உதிர்ந்துவிடுமே என்று வானத்தைப் பார்க்கும் சித்தூர் மாந்தோப்புக்காரருக்கு இந்தக் கவலை புரியும்.

எப்போது போவது, யார் போவது

கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பனியில் சறுக்கலாம் என்று எண்ணுகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். மே மாதத்தில் குல்மார்க் பூத்த புல்வெளி. பெயரின் பொருளே பூவின் வெளி என்பதுதான். பனி பார்க்க கொண்டோலாவில் உச்சிவரை போக வேண்டும். சறுக்குவதற்கு ஏற்ற காலம் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம்வரை. அண்மை ஆண்டுகளின் போக்கைப் பார்த்தால், ஜனவரிக்குப் பதிவுசெய்வதைவிட பிப்ரவரிக்குச் செய்வதே பாதுகாப்பு. இமாசலத்தில் மணாலி அருகே சோலாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்தபின், சோலாங்கில் பனி இல்லாவிட்டால் அப்பால் லாஹூலில் தேடலாம் என்ற வசதி வந்தது. அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்கு ஹைதராபாத்தில் 2004 முதல் குளிரூட்டிய கூடத்துக்குள் ஒரு பனி உலகம் இருக்கவே இருக்கிறது. பிள்ளைகளுக்கு அது போதும்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரு வழி உண்டு. சொந்த ஊருக்குப் போகும் எல்.டி.சி. சலுகையை, நான்கு ஆண்டுத் தொகுதியில் ஒருமுறை, ஜம்மு காஷ்மீர் பயணமாக மாற்றிக்கொள்ளலாம் என்ற விதி பல ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டு வந்திருக்கிறது. கடைசியாக 2024-ல் நீட்டித்தபோது 2026 செப்டம்பர் 25 வரை என்று காலம் குறித்தார்கள். விமானத்துக்குத் தகுதியில்லாத பதவியினரும் டெல்லி அல்லது அமிர்தசரஸிலிருந்து காஷ்மீருக்கு விமானத்தில் செல்லலாம். சொந்த ஊரும் வேலை பார்க்கும் ஊரும் ஒன்றாக இருப்பவருக்கு இந்த மாற்றம் கிடையாது. ஆகவே திருப்பதியிலேயே பிறந்து திருப்பதித் தபால் ஆபீஸில் இருப்பவருக்குக் கிடைக்காதது, வாலாஜாபேட்டையிலிருந்து வந்து அதே மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைக்கும். ஊர்விட்டு ஊர் வந்தவனுக்குச் சாதகமாக அமைந்த விதிகள் அதிகமில்லை, இது ஒன்று. ரயில்வே ஊழியர்களுக்குச் சொந்த ஊர் எல்.டி.சி. இல்லை. அவர்கள் 2018 முதல், அந்த ஆண்டின் பிரிவிலேஜ் பாஸை விட்டுக்கொடுத்து, நான்காண்டுக்கு ஒருமுறை அகில இந்திய எல்.டி.சி. எடுக்கலாம்.

ஹோட்டல் சமையலறையிலும் பூக்கடையிலும் இருப்பவர்களுக்கு எந்த எல்.டி.சி.யும் இல்லை. அவர்களுக்கு லீவு கிடைப்பதும் அந்த மாதங்களில் கடினம். குல்மார்க்கில் பனிக்காகக் காத்திருக்கும் நாட்களில்தான் திருமலையில் வைகுண்ட ஏகாதசியும் ரத சப்தமியும் வருகின்றன. 2023 ஜூன் 8 அன்று திருமலை தேவஸ்தானம் ஜம்முவில் மஜீன் என்னும் இடத்தில் வேங்கடேசுவரர் கோயிலைக் குடமுழுக்கு செய்து திறந்தது. இனி அங்கும் பூ கட்ட ஆள் தேவைப்படும். ஹிம்சாகரில் சித்தூரில் ஏறி, நெல்லூரில் இறங்காமல் கடைசிவரை போகிற நம்மவர் முதலில் அவராக இருந்தாலும் இருக்கலாம்.