இது அந்த ரீல் இல்லை, ஸார்!

பூந்தமல்லியில் கடல் கிடையாது. ஆவடியிலும் கிடையாது. அம்பத்தூரில் மழைக்காலத்தில் சில தெருக்களைப் பார்த்தால் இருக்கிற மாதிரி தோன்றும், அது வேறு விஷயம். ஏரிகளுக்கு மட்டும் பஞ்சமில்லை. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, அந்தப் பக்கம் செம்பரம்பாக்கம். எல்லாம் நல்ல தண்ணீர், அதாவது உப்பில்லாத தண்ணீர்.

இப்பேர்ப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு என் நண்பன் ஒருவன் மூன்று மாதமாகக் கடல் மீன் பிடிக்கிற ரீல் வாங்கிக்கொண்டிருந்தான். 'வாங்கினான்' என்று எழுதவில்லை, கவனியுங்கள்.

எங்கள் காலத்தில் ரீல் என்றால் புளுகு. இப்போது செல்போனில் அரை நிமிஷ ஆட்டம். இது மூன்றாவது வகை. தூண்டில் கழியில் மாட்டி நரம்பைச் சுற்றுகிற யந்திரம்.

நண்பனிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. விலை குறைவு என்று வாங்கியது. கோவளம் போய்விட்டு வந்து, கழுவாமல் பையோடு பரண்மேல் போட்டான். அடுத்த மாதம் எடுத்தால் கைப்பிடி சுற்றவில்லை. உப்பு உள்ளே குடித்தனம் வந்து, பால் காய்ச்சி, ரேஷன் கார்டும் வாங்கிவிட்டது.

"இந்தத் தடவை நல்லதா ஒண்ணு, வாழ்நாளுக்கும்" என்று கிளம்பினான். அங்கேதான் வினை. நல்லது மூன்று இருந்தது. டைவா பி.ஜி., பென் ஸ்பின்ஃபிஷர், ஷிமானோ ஸ்ஃபிரோஸ். எதை எடுத்தாலும் அவன் மாதச் சம்பளத்தில் கணிசமாக ஒரு கடி. ஆபீஸ் கம்ப்யூட்டரில் எக்ஸெல் போட்டான். பதினாலு காலம். மானேஜர் கடந்து போகும்போது சேல்ஸ் ரிப்போர்ட் என்று நினைத்துத் தோளில் தட்டிவிட்டுப் போனாராம்.

ஒருநாள் எஸ்டேட் டீக்கடையில் என்னிடம் அந்தத் தாளை நீட்டினான். "டைவா 4000-ல கியர் 5.7. ஸ்பின்ஃபிஷர் 4500-ல 6.2. எது மச்சி?"

கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் நரம்பு எத்தனை சுற்று சுற்றப்படும் என்பதுதான் இந்தக் கணக்கு. பில் தாளின் பின்னால் போட்டுப் பார்த்தேன். நரம்பு சுற்றியிருக்கிற உருளை ஐந்து சென்டிமீட்டர் குறுக்களவு என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 15.7 சென்டிமீட்டர். 5.7-ஆல் பெருக்கினால் 89. 6.2-ஆல் பெருக்கினால் 97. வித்தியாசம் எட்டு சென்டிமீட்டர். அரைப் பென்சில் நீளம். இதற்கு மூன்று வாரம் தூங்காமல் இருந்திருக்கிறான்.

அடுத்த கவலை டிராக். மீன் பலமாக இழுத்தால் நரம்பு அறுந்துவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுக்கிற கிளட்ச் அது. டைவாவில் எட்டு கிலோ வரை இறுக்கலாம், இன்னொன்றில் அதற்கும் மேல். "மேல இருக்கறதுதானே பெஸ்ட்டு?" என்றான். "நீ போடப்போற நரம்பு எத்தனை கிலோ தாங்கும்?" என்றேன். "பத்து." டிராக்கை நரம்பின் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் வைப்பது வழக்கம். பத்து கிலோ நரம்புக்கு இரண்டரை, மிஞ்சிப்போனால் மூன்று. மூன்று கிலோ தேவைப்படுகிறவனுக்கு எட்டு என்ன, பதினெட்டு என்ன? நம்ம ஸ்பீடாமீட்டரில் 160 போட்டிருப்பதால் பாடி மேம்பாலத்தில் 160-ல் போகிறோமா?

மூன்றாவது, தண்ணீர் புகாத சீல். இதில் மட்டும் அவன் கவலை நியாயம். உப்புதானே பழைய ரீலைத் தின்றது. ஸ்பின்ஃபிஷருக்கு ஐ.பி.எக்ஸ்.5 என்று சர்ட்டிபிகேட். எந்தப் பக்கமிருந்து தண்ணீரைப் பீய்ச்சினாலும் உள்ளே கெடுதல் வராது என்று அர்த்தம். சோதனையில் நிமிஷத்துக்குப் பன்னிரண்டரை லிட்டர் வீதம் அடிப்பார்கள். ஆனால் பீய்ச்சுவது வேறு, முங்குவது வேறு. ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் போட்டு எடுக்கிற சோதனைக்குப் பேர் ஐ.பி.எக்ஸ்.7. அதனால் ஐந்து என்று போட்டிருக்கிற ரீலைக் கடலில் முக்கி அலசினால் தப்பு ரீல் மேல் இல்லை.

கம்பெனியின் பூர்வீகம் பார்த்து முடிவு செய்யலாமா என்றும் யோசித்தான். அதுவும் உதவவில்லை. ஷிமானோ 1921-ல் ஜப்பானில் சகாய் என்ற ஊரில் சைக்கிள் ஃப்ரீவீல் செய்ய ஆரம்பித்த கம்பெனி. தூண்டில் பக்கம் வந்தது 1970-ல்தான். பென், 1932-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஒருவர் தொடங்கியது. நம்ம அம்பத்தூரில்கூட 1949-லேயே டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிவிட்டார்கள். நமக்கு ரீல் செய்யத் தோன்றவில்லை. விடத்தான் தோன்றியது.

இப்படி ஆடி போய் ஆவணி போய் ஐப்பசி வந்தது. வடகிழக்குப் பருவமழை. கடல் பக்கம் போக முடியாது.

இங்கேதான் நான் உங்களிடம் ஒரு விஷயத்தை மறைத்துவிட்டேன். அந்த ரீல் நண்பனுக்கு இல்லை. அவன் அப்பாவுக்கு.

அப்பா ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் கியர் பொருத்தினவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பையனை சைக்கிளில் வைத்து ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய், மூங்கில் கழியில் தங்கூஸ் கட்டி, மண்புழு குத்தி, கெண்டை பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர். "ஒரு தபா கடல்ல போட்டுப் பாக்கணும்டா" என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இப்போது ஒரு கண்ணில் புரை, இரண்டு முட்டியிலும் வலி.

தீபாவளிக்கு நான் போயிருந்தபோது நண்பன் லேப்டாப்பை விரித்து அவருக்குப் பதினாலு காலத்தையும் விளக்கினான். "இது மட்டும் வாங்கினா இருபது வருஷம் உழைக்கும்ப்பா." அப்பா முறுக்கை மென்று முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"ரீலு இருபது வருஷம் உழைக்குமான்னு பாக்கறே. நான் உழைப்பேனான்னு எந்த காலத்திலயாவது போட்டிருக்கியா?"

யாரும் பேசவில்லை. வெளியே யாரோ ஆயிரம்வாலா கொளுத்தியது நல்லதாகப் போயிற்று.

மறுநாளே சிட்டியில் தூண்டில் சாமான் விற்கிற கடைக்குப் போனோம். மூன்று ரீலும் கண்ணாடி மேஜைமேல் வந்தன. அப்பா ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, கைப்பிடியை மெதுவாகச் சுற்றி, காதோரம் வைத்துக் கேட்டார். முன்னும் பின்னும் ஆட்டி, ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம்.

"மூணும் நல்லாத்தான் கீது" என்றார். கடைக்காரரிடம் திரும்பினார். "தம்பி, இதுல எதுக்கு ஸ்பேர் வெச்சிருக்கே? ரிப்பேர்னா எதை நீயே பிரிப்பே?"

கடைக்காரர் ஒன்றைக் காட்டினார். "இதுக்கு ஸ்பிரிங், வாஷர் எல்லாம் ஸ்டாக் இருக்கு ஐயா. மத்தது ஆர்டர் போட்டு வரவைக்கணும்."

"அதையே கட்டு."

மூன்று மாதம், பதினாலு காலம். பத்து நிமிஷத்தில் முடிந்தது. எந்த ரீல் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் அந்தப் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போவீர்கள், அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டீர்கள். உங்கள் கடையில் ஸ்பேர் இருப்பது வேறொன்றுக்காகவும் இருக்கலாம்.

தை பிறந்து ஒரு ஞாயிறு விடியலில், அவுட்டர் ரிங் ரோடு பிடித்து, வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம். மடக்கு நாற்காலியில் அப்பா. பக்கத்தில் ஒரு மீனவர் காலி தண்ணீர் பாட்டிலில் நரம்பைச் சுற்றிவைத்து, வெறும் கையால் வீசி, எங்களுக்கு முன்பே இரண்டு பிடித்துவிட்டார். அவரிடம் எக்ஸெல் இல்லை.

எட்டு மணி வாக்கில் அப்பாவின் ரீல் 'கர்ர்ர்' என்றது. பாறைக்குட்டி. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, அவரே முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ரீலை அவரேதான் கழுவினார். முதலில் டிராக்கை இறுக்கிவிட்டு, வேகமாகப் பீய்ச்சாமல், மெல்லிய தாரையாக. பீய்ச்சினால் வெளியே இருக்கிற உப்பை நாமே உள்ளே அனுப்புகிறோம். பிறகு டிராக்கைத் தளர்த்தி, நிழலில் காயவைத்து, நரம்பு ஓடுகிற குட்டி உருளையில் ஒரு சொட்டு எண்ணெய். ஒரே ஒரு செலவு அதிகம்: கேன் தண்ணீர். அவர்கள் தெரு போர் தண்ணீரில் கழுவினால், கோவளமே தேவலை.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் போலாமாடா?" என்றார் அப்பா.

"போலாம்ப்பா. கழிதான் கொஞ்சம் பழசு. புதுசா மூணு மாடல் பாத்து வெச்சிருக்கேன், கம்பேர் பண்ணி..."

அப்பா நிமிர்ந்து அவனைப் பார்த்தார். முப்பது வருஷம் டாங்கி செய்த மனுஷரின் பார்வை அது. குண்டு மட்டும்தான் பாக்கி.