வாசியாது இடும் கையொப்பம்

வாசியாமல் உறுதியிற் கையொப்பமிட்டவன், பின்னர் நீதிமன்றின் படியேறி, "எழுதியிருந்தது இன்னதென்று அறியேன்" என்று புலம்புவதாற் பெரும்பயன் விளைவதில்லை. எனினும் காணி உறுதியைப் பொறுத்தமட்டில் நொத்தாரிசு உளர், சாட்சிகள் உளர், மோசடி நிரூபிக்கப்பட்டால் அதனைச் செல்லாதாக்க நீதிபதியும் உளர். பிட்கொயின் முதலான கிறிப்டோ நாணய உலகிலோ இவருள் ஒருவருமிலர். இட்ட கையொப்பமே அங்கு இறுதித் தீர்ப்பு, மேன்முறையீட்டிற்கு இடமேயில்லை.

இந்நாணயத்தை வாங்குக என்று கூறுவது நம் நோக்கமன்று. அது சட்டப்படி செல்லும் பணமன்று என இலங்கை மத்திய வங்கி 2022ஆம் ஆண்டில் எச்சரித்தமையை யாவரும் நினைவிற் கொள்க. ஆயினும், வைத்திருப்போர் அதனைக் காக்கும் வகை அறிந்திருத்தல் வேண்டும்.

'ஹாட்வெயார் வொலற்' என வழங்கும் சிறு கருவி இதற்கென்றே அமைந்தது. பிராக் நகரத்தாரின் ட்ரெசர் 2014ஆம் ஆண்டில் வெளிவந்தது. பாரிசு நகரத்து லெட்ஜர் அதன்பின் பெயர் பெற்றது. நாணயத்தின் இரகசியத் திறவுகோல் கருவிக்குள்ளேயே தங்கும். மேசைக் கணினி ஆவணத்தைத் தயாரிக்கும். கருவி அதனை உள்ளே ஏற்று, ஒப்பமிட்டு, ஒப்பத்தை மட்டும் வெளியே அனுப்பும். ஆகவே கணினியிற் கள்ள நிரல் புகுந்தாலும் திறவுகோலைத் திருட இயலாது.

அப்படியாயின் அச்சமில்லையா? உண்டு. திறவுகோலைத் திருட முடியாத கள்வன், நம் கையைக் கொண்டே நம்மைக் கொள்ளையிடுவான்!

2025 பெப்ரவரி 21ஆம் நாள் பைபிட் என்னும் நாணயப் பரிவர்த்தனை நிலையத்தில் நிகழ்ந்ததை நோக்குக. பெருநிதியை மாற்றப் பலர் ஒப்பமிடல் வேண்டும் என்ற ஒழுங்கு அங்கிருந்தது, கருவியும் இருந்தது. கள்வரோ கருவியைத் தொடவில்லை. கணினித் திரைக்கு வரும் நிரலையே மாற்றினர். திரை வழமையான மாற்றம் ஒன்றைக் காட்டிற்று. கருவிக்குச் சென்றதோ வேறொன்று. விளங்காத குறியீட்டிற்குப் பொறுப்பாளர் ஒப்பமிட்டனர். ஏறத்தாழ 150 கோடி அமெரிக்க டொலர் பறிபோயிற்று. செய்தது வட கொரியா என அமெரிக்க எவ்.பி.ஐ. அறிவித்தது.

இதிலிருந்து பெறப்படும் நீதி ஒன்றே. கணினித் திரை சாட்சியன்று. கருவியின் திரையே சாட்சி. பெறுபவர் முகவரியையும் தொகையையும் அச்சிறு திரையில் எழுத்தெழுத்தாக ஒப்புநோக்குக. பிரதி செய்த முகவரியை இடைவழியில் மாற்றிவிடும் நிரல்களும் உள. பெருந்தொகையாயின் முதலிற் சிறுதொகை அனுப்பிப் பார்க்க. விளங்காதது தோன்றின் மறுத்துவிடுக.

கருவி தரும் 12 அல்லது 24 சொற்களே நாணயத்தின் மூலவுறுதி. அவற்றைத் தாளில் எழுதிப் பூட்டிவைக்க, கணினியிற் பதியாதீர், படமும் பிடியாதீர். அவற்றைக் கேட்பவன் எவனாயினும் கள்வனே. 2023ஆம் ஆண்டில் மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் நிரற் கடையிலேயே லெட்ஜரின் பெயர் தாங்கிய போலி நிரல் புகுந்து பலரைச் சூறையாடிற்று. 2020இல் லெட்ஜர் வாடிக்கையாளரின் முகவரிகள் களவு போயின. 2021இல் அவர்களுட் சிலருக்குப் போலிக் கருவிகளே தபாலில் வந்தன! ஆதலின் கருவியையும் நிரலையும் ஆக்கியோரிடமே நேராகப் பெறுக. சொற்கள் முன்னரே எழுதப்பட்டு வரும் கருவியைத் தீண்டாதீர்.

பழி முழுவதையும் பாவிப்போர் தலையிற் சுமத்துவதும் நீதியன்று. விளங்காத மொழியில் எழுதிய ஆவணத்தை நீட்டி, "ஒப்பமிடு" என்பது எத்துணைக் கொடுமை என்பதை நம் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஒப்பமிடுவது இன்னதென்று தெளிந்த சொற்களிற் காட்டாத கருவியை விற்பது அக்கொடுமையின் புதிய வடிவமே. அத்தகைய கருவியை வாங்க மறுக்கும் உரிமை நமக்குண்டு.

வங்கியின் தயவின்றித் தன் பொருளைத் தானே ஆள விரும்புவோன், வங்கியின் விழிப்பையும் தானே ஏற்றல் வேண்டும். வாசித்தபின் ஒப்பமிடுக, விளங்காவிடில் கையை மடக்குக!