அவர்களுக்குப் பயிற்சி, நமக்குக் கூலி

சம்பளம் கிடையாது, சோறும் படுக்க இடமும் உண்டு, மூன்று மாதம் தோட்டத்திலேயே தங்கி மாட்டுக்கொட்டகை கூட்ட வேண்டும், சாணி அள்ள வேண்டும், களை எடுக்க வேண்டும் என்று எவராவது எங்கள் தெருவுக்குள் வந்து ஆள் கேட்டால் அதற்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினாலே அது கட்டாய உழைப்புத்தான், அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவுக்கு விரோதமானதுதான் என்று 1982இல் ஆசியாட் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இதே விசயத்தை ஆங்கிலத்தில் எழுதி, மேலே ஒரு வாழைத்தார் படம் போட்டு, சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற பிள்ளைகளுக்குச் சொன்னால் அதற்குப் பேர் இன்டர்ன்ஷிப். முடிவில் சான்றிதழும் உண்டு.

நான் சிறுமலை அடிவாரத்துக்காரன். எங்க ஆத்தா நாற்பது வருசம் அந்த மலைக்குக் கூலிக்கு ஏறியவள். விடியுமுன்னே தூக்குவாளியில் கஞ்சி, தலையில் சும்மாடு, இடுப்பில் களைக்கொத்து. பதினெட்டு கொண்டை ஊசி வளைவு போட்டு இன்றைக்கு பஸ் போகிறது. தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு இன்னமும் பல இடங்களில் குதிரைதான் மூட்டை சுமக்கிறது. குதிரை ஏறாத பள்ளத்தில் எங்கள் ஆட்கள் சுமக்கிறார்கள். மலைவாழை, எலுமிச்சை, பலா, காப்பி, மிளகு எதுவானாலும் வெட்டுவதும் சுமப்பதும் இறக்குவதும் நாம்; அந்த மலையிலேயே பிறந்து, இன்று அங்கேயே கூலிக்கு நிற்கும் பளியர்கள். 1970களில் முடிக்கொத்து நோய் வந்து மலைவாழை அழிந்தபோது முதலாளிகள் காப்பிக்கும் எலுமிச்சைக்கும் மாறிக்கொண்டார்கள். வேலை போன எங்கள் சனம் மில்லுக்கும் செங்கல் சூளைக்கும் போனது. பிறகு 2008-09இல் சிறுமலை மலைவாழைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மலைக்குப் பேர், பழத்துக்குப் பேர். சுமந்த தலைக்கு ஒரு பேரும் கிடையாது.

இப்போது அதே மலையில் இயற்கை விவசாயம் என்று பலகை வைத்த தோட்டங்கள் வந்திருக்கின்றன. பருவத்துக்குப் பருவம் தன்னார்வலர்கள் வருகிறார்கள். இது சிறுமலைச் சரக்கு அல்ல, வெளிநாட்டுச் சரக்கு. 1971இல் இங்கிலாந்தில் சூ கொப்பர்ட் என்ற லண்டன் செயலாளர்ப் பெண் வாரக் கடைசியில் கிராமத்துக் காற்று வாங்க ஆசைப்பட்டு, சசெக்ஸில் எமர்சன் கல்லூரிப் பண்ணையில் நாலு பேராகப் போய் வேலை செய்ததில் ஆரம்பித்தது. ‘வூஃப்’ என்று பேர். அரைநாள் வேலை, பதிலுக்குச் சாப்பாடும் படுக்கையும். இன்றைக்கு உலகம் பூராவும் பரவி இந்தியாவிலும் இருக்கிறது. அந்த அமைப்பில் சேராமலே அதே முறையில் ஆள் எடுக்கிற தோட்டங்களும் உண்டு. வாரம் பூரா டைப் அடித்தவர் வாரக் கடைசியில் களை பிடுங்கப் போனதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. வாரம் பூரா, வருசம் பூரா, தலைமுறை பூரா களை பிடுங்குகிறவள் பக்கத்து வரப்பில் குனிந்திருக்கும்போது அதே வேலையை இன்னொருவர் சும்மா செய்துவிட்டுப் போனால் அது என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி.

உடனே ஒரு கூட்டம் கிளம்பும். ‘நீங்க ரசாயன உரக் கம்பெனிக்கு ஆதரவா?’ என்பார்கள். அய்யா, பூச்சிமருந்து டப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு முகமூடி இல்லாமல் அடித்தவன் யார்? அடித்துவிட்டு வாய்க்காலில் கை கழுவி, அதே கையால் சோறு தின்று வாந்தி எடுத்தவன் யார்? விசமில்லாத விவசாயம் எல்லாருக்கும் முந்தி எங்களுக்குத்தான் வேண்டும். நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து மண்ணையும் விதையையும் பற்றிப் பேசியதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. விசத்தை நிறுத்தினால் அந்த இடத்தில் எதை வைக்கிறாய் என்று கேட்கிறேன். களைக்கொல்லியை எடுத்துவிட்டால் களை தானாகப் போய்விடாது. அங்கே ஒரு பெண்ணின் இடுப்பை வைக்கிறாய். அதற்கு என்ன விலை தருகிறாய்?

இது நம்ம ஊர்க் கதை மட்டுமில்லை. அமெரிக்காவில் கலிபோர்னியா தோட்டங்களில் பெரும்பாலும் மெக்சிகோ கூலிகள். குட்டைக் கைப்பிடி களைக்கொத்தைக் கொடுத்து நாள் முழுக்கக் குனிய வைத்து அவர்கள் முதுகை ஒடித்தார்கள். போராடி, 1975இல் அந்தக் களைக்கொத்தை ஒழித்தார்கள். கொத்தைப் பிடுங்கியதும் முதலாளிகள் வெறுங்கையால் பிடுங்கச் சொன்னார்கள். அதற்கும் 2004இல் அரசு கட்டுப்பாடு போட்டது. அந்த விதியிலிருந்து யாருக்கு விலக்கு கொடுத்தார்கள் தெரியுமா? இயற்கைப் பண்ணைகளுக்கு! கையால் களை எடுக்காமல் எங்களால் முடியாது என்றார்கள், விட்டுவிட்டார்கள். மண்ணைக் காப்பாற்றுகிறவர்களுக்கு முதுகைக் காப்பாற்ற வழியில்லையாம். ‘நியாயம்’ என்பது இயற்கை வேளாண்மையின் நான்கு கொள்கைகளில் ஒன்று என்று 2005இல் உலக இயற்கை வேளாண் இயக்கங்களின் கூட்டமைப்பு தானே எழுதி வைத்துக்கொண்டது. நல்லா எழுதியிருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டம். முன்பெல்லாம் மழைக்குப் பிறகு முதல் களைக்கு எங்கள் தெருவிலிருந்து பத்துப் பெண்கள் போவார்கள். ஒரு வாரம் வேலை இருக்கும். முகாம் போட ஆரம்பித்த பிறகு நாலு பேர் போதும் என்கிறார்கள். மிச்சத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த நாலு பேருக்கும் வேலை என்ன தெரியுமா? பிள்ளைகள் வாழைப் பக்கக்கன்றையும் களை என்று பிடுங்கிவிடாமல் காட்டிக் கொடுப்பது. எது களை, எது மருந்துச் செடி, எந்தத் தாரை எப்போது வெட்டுவது எல்லாம் இவள் சொல்கிறாள். சொல்லிக் கொடுத்தவளுக்கு அன்றைய கூலி, அதுவும் ஆம்பளைக் கூலியில் பாதியோ கொஞ்சம் கூடவோ. கேட்டுக்கொண்டவனுக்குச் சான்றிதழ். சான்றிதழில் கையெழுத்து முதலாளியுடையது. சாதி என்பது வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்கிறவர்களைப் பிரிப்பது என்று அம்பேத்கர் 1936இலேயே விளக்கியது இதைத்தான். வேலை ஒன்றுதான். செய்கிற ஆளைப் பொறுத்து அது ஓரிடத்தில் இழிவு, இன்னோரிடத்தில் ஆன்மீகம்.

சாணியை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர்ப் பண்ணைகளில் கூலி கேட்ட பண்ணையாளுக்குச் சவுக்கடி கொடுத்து, சாணியைக் கரைத்துக் குடிக்க வைத்தார்கள். 1940களில் செங்கொடி பிடித்த விவசாயத் தொழிலாளர்கள் போராடித்தான் அதை நிறுத்தினார்கள். இன்று அதே சாணியைக் கோமியம், பால், தயிர், நெய்யோடு கலந்தால் பஞ்சகவ்யம். வெல்லமும் பயறு மாவும் போட்டுக் கரைத்தால் ஜீவாமிர்தம். கரைக்கும் கை பட்டணத்துக் கை என்றால் போட்டோ எடுக்கிறார்கள். ‘மண்ணோடு கலந்தேன், அகந்தை கரைந்தது’ என்று எழுதுகிறார்கள். எங்க ஆத்தாவுக்கு நாற்பது வருசம் கரைத்தும் கையில் சேத்துப்புண்தான் மிச்சம். அவளுக்கு எந்த அகந்தை இருந்தது கரைவதற்கு?

இன்னும் ஒன்று இருக்கிறது, பயோ டைனமிக் முறை. 1924இல் ருடால்ஃப் ஸ்டெய்னர் சொல்லிவிட்டுப் போனது. பசுவின் கொம்புக்குள் சாணியை அடைத்து மண்ணில் புதைத்து மாதக்கணக்கில் வைத்து எடுப்பார்கள். கொடைக்கானல் மலைப் பக்கமும் செய்கிறார்கள். நல்லது. அந்தக் கொம்பு எங்கிருந்து வந்தது? செத்த மாட்டிலிருந்து. செத்த மாட்டை இழுத்துப் போய்த் தோல் உரித்தவன் யார்? 2016 சூலையில் குசராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் பிள்ளைகளைக் காரில் கட்டி அடித்தார்கள். தோலை உரித்தவன் தீட்டு, அந்த மாட்டுக் கொம்பில் அடைத்த சாணி அமிர்தம்!

இனி மலையை விட்டுக் கீழே இறங்கிப் பாருங்கள். இந்தப் ‘பயிற்சி’ என்ற சொல் திண்டுக்கல் சமவெளியில் நமக்குப் புதுசில்லை. வேடசந்தூர்ப் பக்கமும் திண்டுக்கல்லைச் சுற்றியும் இருக்கிற நூற்பாலைகளில் நம் பெண்பிள்ளைகளைப் பயிற்சியாளர் என்று எழுதித்தான் சேர்த்தார்கள். மூன்று வருசம் விடுதியில் அடைத்து, கல்யாணத்துக்கு மொத்தமாகத் தருகிறோம் என்று சொல்லி, அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று மங்களமாகப் பேரும் வைத்தார்கள். மெசினில் பஞ்சு மாட்டக் கற்றுக்கொள்ள மூன்று வருசமா? தொழிலாளி என்று எழுதினால் தொழிலாளிக் கூலி தர வேண்டும், சங்கம் வரும். பயிற்சியாளர் என்றால் எதுவும் வராது. 2008இல் தமிழக அரசு அந்தப் பயிற்சியாளருக்கும் நாளுக்கு 110 ரூபாய் என்று குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தபோது ஆலை முதலாளிகள் கோர்ட்டுக்கு ஓடினார்கள். ஆக, பயிற்சி என்ற ஒரே சொல் நம் பிள்ளைக்குக் கூலியைக் குறைக்கிறது, அவர்கள் பிள்ளைக்கு மதிப்பைக் கூட்டுகிறது.

அக்கா மகன் ஒருவன் விவசாயத்தில் டிப்ளமோ முடித்தான். மலையில் ஒரு தோட்டத்தில் பயிற்சி இருக்கிறதென்று கேட்டுப் போனான். முதலில் பங்களிப்புத் தொகை என்றார்கள். சும்மா வேலை செய்ய நாமே காசு கட்ட வேண்டும்! ‘சார், அவ்வளவு முடியாது’ என்றிருக்கிறான். ‘தம்பிக்கு எந்த ஊரு?’ சொன்னான். ‘ஊருக்குள்ள எந்தத் தெரு?’ அதையும் சொன்னான். உடனே அவர் ரொம்பப் பாசமாகச் சொன்னாராம்: ‘உனக்கு இதெல்லாம் தெரிஞ்ச வேலைதானப்பா. பயிற்சி எதுக்கு? நாளையிலேர்ந்து கூலிக்கே வந்துரு.’ அவன் வரவில்லை. இப்போது திண்டுக்கல்லில் ஒரு உரக்கடையில் மூட்டை எண்ணுகிறான். படித்தவன் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு போனால்தான் கம்பெனியில், தொண்டு நிறுவனத்தில், திட்ட வேலையில் எடுக்கிறார்கள். மூன்று மாதம் சம்பளமில்லாமல் வீட்டுக்குச் சுமையாக இருக்கத் தெம்புள்ளவன்தான் அந்தச் சான்றிதழை வாங்க முடியும். இட ஒதுக்கீட்டைத் திறமைக்கு எதிரி என்று கத்துகிறவர்கள் இந்த ஒதுக்கீட்டைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

தன்னார்வலர் பசியால் வரவில்லை, விருப்பத்தோடு வருகிறார், அது எப்படிக் கட்டாய உழைப்பாகும் என்று கேட்கலாம். ஆகாதுதான். அவர் நினைத்தால் நாளைக்கே பஸ் ஏறிவிடலாம். நான் அவருக்காக வழக்காடவில்லை. போக இடமில்லாத ஆளுக்காகப் பேசுகிறேன். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சாகுபடியாளர் ஏறக்குறைய 42 லட்சம் பேர், விவசாயக் கூலிகள் 96 லட்சம் பேர். கூலிக்குள் சேரி எவ்வளவு, சாகுபடிக்குள் சேரி எவ்வளவு என்று நம் ஊர்களைச் சுற்றிப் பார்த்தாலே தெரியும்.

அப்படியென்றால் நீங்களே இயற்கை விவசாயம் செய்யுங்களேன் என்கிறார்கள். எங்கே செய்வது? ரசாயனத்திலிருந்து மாறிச் சான்று வாங்க இரண்டு மூன்று வருசம் மாற்றுக்காலம் உண்டு. அதுவரை விளைச்சல் குறைந்தாலும் தாங்க வேண்டும், நிலம் கைவிட்டுப் போகக் கூடாது. ஒரு வெள்ளாமைக்கு வாரத்துக்குப் பிடிக்கிறவன் எந்த மண்ணை மூன்று வருசம் தேற்றுவான்? நமக்கென்று 1892இல் ஒதுக்கிய பஞ்சமி நிலம் இருந்தது. செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்கீர் எழுதிய அறிக்கையிலிருந்து பிறந்த நிலம். பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதைத் திருப்பிக் கேட்ட காரணை போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். மண்ணின் உயிர்ச்சத்தைப் பற்றி மணிக்கணக்கில் வகுப்பெடுக்கிறவர்கள், அந்த மண் யார் பேரில் இருக்கிறது, யாரிடமிருந்து போனது என்று ஒரு வகுப்பாவது எடுத்ததுண்டா?

கேட்பது ரொம்பச் சின்ன விசயம். தோட்டத்தில் யார் வேலை செய்தாலும், பட்டணத்துப் பிள்ளையானாலும் எங்க ஆத்தாவானாலும், கூலி கொடு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகக் கொடு, எழுத்தில் கொடு. எழுதிக் கொடுத்தால் தோட்டம் கவிழ்ந்துவிடாது. ஒரு ஆடைத் தொழிற்சாலையின் இளம் தலித் தொழிலாளி 2021 சனவரியில் கொல்லப்பட்ட பிறகு, தலித் பெண்கள் முன்னின்ற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் 2022இல் முதலாளியோடும் வெளிநாட்டு பிராண்டோடும் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ போட்டது. உலகக் கம்பெனியை உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கியது இதே சமவெளியின் பெண்கள்தான். நாலு ஏக்கர் வாழைத்தோப்புக்காரரிடம் முடியாதா? களை காட்டிக் கொடுக்கிறவளுக்குக் கூலிக்கு மேலே ஆசிரியர் சம்பளம் கொடு. சான்றிதழில் அவளும் கைநாட்டு வைக்கட்டும். பயிற்சிக்கு வரும் சேரிப் பிள்ளையிடம் தெரு கேட்காதே, காசு கேட்காதே, மூன்று மாதத்துக்கும் உதவித்தொகை கொடு.

கட்டுப்படியாகாது என்பார்கள். பட்டணத்துக் கடையில் இயற்கை வாழைப்பழம் என்ன விலைக்குப் போகிறது, அதில் எங்கள் தெருவுக்கு எவ்வளவு வருகிறது என்று கணக்கை விரித்துக் காட்டிவிட்டு அதைச் சொல்லட்டும். சிறுமலைத் தோட்டக்காரர்கள் பதில் எழுதினால் இதே பத்திரிகையில் பக்கம் ஒதுக்கும்படி ஆசிரியர் குழுவைக் கேட்டிருக்கிறேன். மழை முடிந்ததும் முதல் களை வரும். அதற்கு முன்னால் எழுதினால் நல்லது.