காற்றுக்கு இரு வாயில்கள்

ஓகஸ்ட் விடுமுறை நெருங்கும்போது நம் குடும்பங்களிலே ஒரு பேச்சு எழுவதுண்டு. கடற்கரைக்குப் போவோமா, போனால் எங்கே தங்குவோம் என்பதே அப்பேச்சு. இக்காலத்தில் அதனோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது: அறைக்குக் குளிரூட்டி உண்டா? உண்டு என்றால் வாடகை கைக்கு எட்டுவதில்லை; இல்லை என்றால் மனம் துணிவதில்லை. ஈற்றில் அப்பாச்சியை வீட்டில் விட்டுவிட்டு ஏனையோர் ஓர் அறைக்குள் அடங்குவதா, அன்றிப் பயணத்தையே கைவிடுவதா என்ற நிலை வந்துவிடுகிறது. ஓர் இயந்திரத்தின் பொருட்டுக் குடும்பம் பிரிந்து போதல் நன்றன்று. ஆதலின், குளிரூட்டி இல்லாத அறையைத் தேர்ந்தெடுக்கும் முறை பற்றி இவ்வாரம் சிறிது சிந்திப்போம்.

குளிரூட்டியின் வரலாறே சுவையானது. 1902ஆம் ஆண்டிலே, நியூயோர்க் நகரின் புறூக்ளின் பகுதியிலிருந்த அச்சகமொன்றில், ஈரப்பதனால் கடதாசி விரிந்தும் சுருங்கியும் வர்ண அச்சைக் கெடுத்துவந்தது. அதைத் தடுப்பதற்காக வில்லிஸ் கரியர் என்ற இளம் பொறியியலாளர் அமைத்த பொறியே இன்றைய குளிரூட்டிக்கு முன்னோடி. கடதாசிக்காகப் பிறந்தது பின்னரே மனிதருக்கு வந்தது. அதற்கு முன்னரும் வெப்பநாட்டுத் தீவுகளிலே மக்கள் நன்கு உறங்கித்தான் எழுந்தனர். நாற்சார் வீட்டின் நடுவே முற்றம் விட்டவரும், பனையோலையாற் கூரை வேய்ந்தவரும், வளவைச் சுற்றி மரம் வளர்த்தவரும் காற்றையும் நிழலையும் கணக்கிட்டே கட்டினர். அக்கணக்கை நாமும் அறிந்துகொண்டால் விடுதி அறையையும் அளந்து பார்க்கலாம்.

எடுத்துக்காட்டாகத் திருகோணமலையைக் கொள்வோம். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளிலே கடல் கொந்தளிக்கும். கிழக்குக் கரையில் அமைதியாக இருக்கும். அதனாலேயே அக்காலத்தில் நிலாவெளியிலும் உப்புவெளியிலும் கூட்டம் மிகும். ஆனால் அதே காற்று, மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மழையைப் பொழிந்துவிட்டு, வரண்டு சூடேறிக் கிழக்கே இறங்குகிறது. கிழக்கு மாகாண மக்கள் கச்சான் என்று அழைப்பது இதனையே. நண்பகலில் வெப்பநிலை 33, 34 பாகை செல்சியஸ் வரை ஏறுவதுண்டு. இதற்கு மாற்றாக இயற்கை தருவது கடற்காற்று. பகலிலே தரை கடலைவிட விரைவாகச் சூடேற, தரைமீதுள்ள வளி மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த வளி வருகிறது. இரவிலே தரை விரைவாகக் குளிர்வதால் காற்று தரையிலிருந்து கடலை நோக்கிச் செல்கிறது. புவியியற் பாடத்திலே மாணவர் படமாக வரைவது இதுதான்.

இதிலிருந்து முதல் விதி பிறக்கிறது. “கடலைப் பார்த்த பெரிய யன்னல் இருந்தும் அறை ஏன் புழுங்கியது, ஐயா?” என்று மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான். அவ்வறையில் இருந்தது அந்த ஒரு யன்னல் மட்டுமே. வெளியேற வழியில்லாத அறைக்குள்ளே காற்று நுழையாது. நுழையும் வழிக்கு எதிர்ப்புறத்திலே இன்னொரு யன்னலோ, கதவுக்கு மேலே காற்றுத் துவாரமோ இருத்தல் வேண்டும். பகலிற் கடலிலிருந்து வருவதும் இரவிலே தரையிலிருந்து வருவதும் அவ்விரு வழிகளாலும் மாறிமாறிச் செல்லும்.

இரண்டாவது விதி கூரையைப் பற்றியது. ஏப்பிரல் முற்பகுதியிலும், மீண்டும் ஓகஸ்ட் இறுதி, செப்ரெம்பர் தொடக்க நாட்களிலும் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கிறது. ஆகவே விடுமுறைக் காலத்திலே வெயிலின் பெரும்பங்கை ஏற்பது கூரையே. கொங்கிறீற்றுத் தட்டுக்கூரை பகல் முழுவதும் சூட்டை உண்டு, நாம் உறங்கப் போகும் நேரத்தில் அதை உள்ளே விடத் தொடங்கும். அதன் நேர் கீழே உள்ள மேல்மாடி அறை, காட்சிக்கு எவ்வளவு இனியதாயினும், நள்ளிரவு வரை சுடும். ஓட்டுக்கூரையும் அதன் கீழே பலகைத் தட்டும் உள்ள அறை நன்று. மாடிவீட்டின் கீழ்த்தள அறையும் நன்று. மேற்குச் சுவரையும் கவனிக்க வேண்டும். பிற்பகல் வெயில் அதனைச் சுடும். அப்பக்கத்தில் விறாந்தையோ மரநிழலோ இருக்குமாயின் பாதித் தொல்லை தீர்ந்தது.

மூன்றாவது, விசிறியும் நுளம்பு வலையும். விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை; வியர்வையை ஆவியாக்கி உடலைக் குளிர்விக்கிறது. ஒரு லீற்றர் வியர்வை முழுதும் ஆவியாகுமானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டு செல்லும். ஆதலின் ஆளில்லாத அறையில் விசிறியைச் சுழல விடுவது வீண். நிறையத் தண்ணீர் குடித்து, ஈரத்துணியால் உடலைத் துடைத்துவிட்டு விசிறியின் கீழ் இருப்பவருக்கே அதன் முழுப் பயனும் கிட்டும். நுளம்பு வலையைச் சிறு பொருளென்று எண்ணற்க. வலை இல்லையெனில் மாலையானதும் யன்னல்களை அடைக்க நேரும். அடைத்த பின்னர் மேற்சொன்ன விதிகளாற் பயன் என்ன? அவ்வாறே, இரவிலே அச்சமின்றித் திறந்து வைப்பதற்கு யன்னலுக்குக் கம்பியும் வேண்டும்.

இவ்வளவும் கூறியபின் ஓர் எச்சரிக்கையும் கடமையாகும். கைக்குழந்தைகள், முதியோர், இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர் ஆகியோரின் உடல் வெப்பத்தை எளிதில் தாங்காது. வீட்டிலே அத்தகையோர் இருப்பின் முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்டுக்கொள்க. தேவையானால் அவர்களுக்கு மட்டும் குளிரூட்டிய அறையொன்றை எடுத்து, ஏனையோர் விசிறி அறையிலே தங்கலாம், அது ஆடம்பரமன்று. வெயிலிலே உடல் அனலாய்க் கொதித்து ஒருவர் தடுமாறிப் பேசத் தொடங்கினால் அதனைக் களைப்பென்று விட்டுவிடலாகாது. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று நீரால் உடலை நனைத்து வீசி, தாமதமின்றி வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லல் வேண்டும்.

இனி, விடுதிக்குத் தொலைபேசியிற் பேசும்போது “அறை நல்லதா?” என்று கேளாதீர்கள்; “மிக நல்லது” என்ற விடையே வரும். யன்னல் எத்தனை, எத்திசையில்? அறைக்கு மேலே இருப்பது ஓடா, தட்டா, இன்னொரு மாடியா? மேற்குப் பக்கத்தில் நிழல் உண்டா? ஒவ்வொரு கட்டிலுக்கும் வலை உண்டா? விசிறி கட்டிலுக்கு நேரே இருக்கிறதா? இந்த ஐந்தையும் கேளுங்கள். விடைகள் திருப்தியாயின் துணிந்து அறையைப் பதிவு செய்யலாம். மிஞ்சும் பணத்திலே இன்னோர் அறையும் எடுக்கலாம். அப்பாச்சியும் உங்களோடு வந்து கடலைப் பார்ப்பார்.